பிப்ரவரிக்கு எத்தனை நாள்?

ராத்திரி பத்தரைக்கு மேல் மாடிக் கோடி அறையின் அழைப்பு விளக்கு எரிந்தால் மாத்திரைத் தட்டை எடுத்துக்கொண்டு நான் ஓட மாட்டேன். போனை எடுத்துக்கொண்டு போவேன். அந்த அறையில் இருக்கும் பெரியவருக்கு அந்த நேரத்தில் வலியும் இருக்காது, தாகமும் இருக்காது. பேஸ்பால் ஆட்டம் எட்டாவது இன்னிங்ஸில் இருந்தபோது கண் அசந்திருப்பார். முழித்துப் பார்த்தால் டிவியில் வேறு என்னவோ ஓடிக்கொண்டிருக்கும். "என்னம்மா ஆச்சு?" என்பார். நான் ஸ்கோரை வாசிப்பேன். யார் ஜெயித்தது என்பது தெரிந்த பிறகு, கடைசிப் பந்தை எறிந்தது யார் என்று கேட்பார். அதையும் சொன்னால்தான் விளக்கை அணைக்க விடுவார்.

நியூ ஜெர்சியில், எடிசனுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு நேரச் செவிலியராக நான் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. பெரியவருக்கு 96 வயது. இதை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். பேரையும் அடையாளங்களையும் விட்டுவிட்டேன். கிரிக்கெட் மட்டுமே தெரிந்த எனக்கு பேஸ்பாலைச் சொல்லிக் கொடுத்தவர் அவர். பிட்சர் என்பவர் நம்முடைய பவுலர் மாதிரி, ஆனால் ஓடி வர மாட்டார். கொஞ்சம் மேடாகக் கட்டிய மண்ணில் நின்ற இடத்திலிருந்தே எறிவார். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் வெளியே. இப்படித்தான் ஆரம்பித்தோம். இன்றைக்கு ஒரு பிட்சரின் வளைபந்து எங்கே பிசகுகிறது என்று அவரோடு உட்கார்ந்து வாதாடும் அளவுக்கு வந்திருக்கிறேன்.

அவர் நியூவார்க்கில் வளர்ந்த கறுப்பினத்தவர். 1946-இல் அவருக்கு 17 வயது. அந்த வருஷம் நியூவார்க் ஈகிள்ஸ் அணி ரூப்பர்ட் மைதானத்தில் ஆடியதைப் பார்த்தவர். அமெரிக்க பேஸ்பாலின் உச்ச லீகான மேஜர் லீக் கறுப்பின ஆட்டக்காரர்களை உள்ளே விடாத காலம் அது. அவர்கள் தங்களுக்கென்று நடத்திக்கொண்ட லீகுகளுக்கு நீக்ரோ லீக் என்று பெயர். வரலாற்றில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. ஈகிள்ஸ் அந்த வருஷம் கான்சஸ் சிட்டி மொனார்க்ஸைத் தோற்கடித்து நீக்ரோ லீக் உலகத் தொடரை வென்றது. மான்டி இர்வின், லாரி டோபி, லியோன் டே என்ற பெயர்களைப் பெரியவர் சொல்லும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் சித்தப்பா, பெரியப்பா பேரைச் சொல்வது மாதிரி இருக்கும்.

போன குளிர்காலத்தில் ஒரு ராத்திரி, ஆட்டமே இல்லாத ஜனவரியில், விளக்கு எரிந்தது. போனேன். "நான் பார்த்த பையன்களில் யாராவது இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டார்.

பையன்கள் என்றார். தொண்ணூற்றாறு வயதில் அவருக்கு இன்னும் அவர்கள் பையன்கள்.

தேடினேன். லியோன் டே 1995 மார்ச்சில் போய்விட்டார். பேஸ்பாலில் சிறந்தவர்களுக்கு இடம் தரும் ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவரைத் தேர்ந்தெடுத்த செய்தி வந்து ஆறே நாளில். டோபி 2003-இல், 79 வயதில். இர்வின் 2016-இல், 96 வயதில். "என் வயசு" என்றார் பெரியவர். அதற்கு மேல் எதுவும் பேசவில்லை. அவருக்கு இன்னும் நல்ல பதில் ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வார்டு அடங்கிய பிறகு இரவு இரவாகப் படித்தேன். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறு ஒன்று. நூறு வயதைத் தாண்டிய பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

அவர்களில் என்னைத் தூங்கவிடாமல் செய்தவர் சைலஸ் சிம்மன்ஸ்.

1895 அக்டோபர் 14 அன்று டெலவேர் மாநிலத்தின் மிடில்டவுனில் பிறந்தார். பேப் ரூத் பிறந்ததும் அதே 1895-இல்தான். பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் தெரிந்த பெயர் ரூத். அவர் 1948-இல், 53 வயதில் புற்றுநோயால் இறந்தார். சிம்மன்ஸ் அதற்குப் பிறகு 58 வருஷம் இருந்தார். இடது கைப் பிட்சர். பிலடெல்பியாப் பக்கம் ஜெர்மன்டவுன் ப்ளூ ரிப்பன்ஸ் என்ற கறுப்பின அணிக்கு 1910-களில் எறிந்தவர். பிறகு 1926-இல் நியூயார்க் லிங்கன் ஜயன்ட்ஸுக்கு எறிந்தார். பாப் லாய்டைப் போன்ற பெரிய பேட்டர்களுக்கு எதிரில் நின்றவர். அவர் கை வலுவாக இருந்த வருஷங்களில் மேஜர் லீகின் கதவு அவருக்கு மூடியே இருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஜாக்கி ராபின்சன் 1947-இல் நுழைந்தபோது சிம்மன்ஸுக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது.

ஆட்டத்தை விட்ட பிறகு அவர் எங்கே வேலை பார்த்தார் என்று படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பிளெயின்ஃபீல்டு. எங்கள் இல்லத்திலிருந்து காரில் கால் மணி நேரம். அங்கே ரோசன்பாம்ஸ் என்ற பல்பொருள் அங்காடியில் சுமை தூக்குபவராகச் சேர்ந்து, உதவி மேலாளராக உயர்ந்தார். அந்த ஊர்க் கடைத்தெரு வழியாக நான் எத்தனை முறை போயிருப்பேன்! துணி பார்க்க வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட அந்த மனிதர் பாப் லாய்டுக்கு எதிராக எறிந்தவர் என்பது அங்கே எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

ஓய்வுக்குப் பிறகு ஃப்ளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போய்க் குடியேறினார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில்தான் கடைசிக் காலம். பேஸ்பால் வரலாற்றை ஆராய்கிறவர்களுக்கு இப்படி ஒருவர் உயிரோடு இருப்பதே தெரியாது. 2006-இல், அவருக்கு 110 வயதாகியிருந்தபோது, வம்சாவளி ஆராய்ச்சி செய்யும் ஒருவர் வழியாக நீக்ரோ லீக் ஆய்வாளர்களுக்குச் சேதி போனது. அவர்கள் வந்து பேசினார்கள். பழைய செய்தித்தாள்களைப் புரட்டிப் பார்த்தார்கள். ஸ்கோர் கட்டங்களில் சிம்மன்ஸ் என்ற பெயர் இருந்தது. 111-வது பிறந்தநாளன்று பழைய நீக்ரோ லீக் ஆட்டக்காரர்கள் பலர் அந்த இல்லத்துக்கு வந்தார்கள். அவர்களே எழுபது, எண்பது வயதுக் கிழவர்கள். ஆனால் அவர் ஆடிய காலத்தில் அவர்களில் பெரும்பாலோர் பிறக்கவே இல்லை. டாம்பா பே அணி 111 என்று எண் போட்ட ஜெர்சியைக் கொடுத்தது. பதினைந்து நாள் கழித்து, அக்டோபர் 29 அன்று, இறந்துபோனார்.

நான் ஒரு முதியோர் இல்லத்துச் செவிலியர் என்பதால் இதைக் கதையாக மட்டும் படிக்க முடியவில்லை. எங்களிடம் யாராவது புதிதாக வந்து சேர்ந்தால் ஒரு படிவம் நிரப்புவோம். ஒவ்வாமை, மாத்திரைகள், விழுந்த விவரம், பல் செட் உண்டா, கண்ணாடி உண்டா. அதில் 'முன்பு செய்த வேலை' என்று ஒரு கட்டம் இருக்கும். பாதிப் படிவங்களில் அது காலியாக இருக்கும். மீதியில் 'ஓய்வு பெற்றவர்' என்று எழுதியிருக்கும். சிம்மன்ஸின் படிவத்தில் என்ன எழுதியிருந்தார்களோ. 'கடை ஊழியர்' என்று இருந்தால்கூட அது பொய் இல்லை.

நூறு வருஷம் வாழ்ந்தது அவருக்குப் பெருமை என்பார்கள். எனக்கு வேறு மாதிரி படுகிறது. நீக்ரோ லீக் அணிகள் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், கிடைத்த மைதானத்தில், ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டம்கூட ஆடின. பல ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுத ஆளில்லை. எழுதினாலும் அனுப்பிவைக்க ஆளில்லை. பிட்ஸ்பர்க் கூரியர், சிகாகோ டிஃபென்டர் போன்ற கறுப்பினத்தவர் நடத்திய வாரப் பத்திரிகைகளில் வந்தது மட்டும்தான் மிஞ்சியது. வெள்ளைக்காரர் ஆடிய லீகில் ஒருவர் ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்தாலும் பதிவேட்டில் ஒரு வரி உண்டு. அவர் முப்பதில் செத்தாலும் அந்த வரி இருக்கும். சிம்மன்ஸ் போன்றவருக்கு அந்த வரியை வாங்கித் தர அவரே உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. எண்பதில் அவர் போயிருந்தால் அந்தப் பழைய ஸ்கோர் கட்டங்களில் இருக்கும் பெயரை யார் தேடியிருப்பார்?

இரு தரப்புக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ரெட் ஹாஃபைப் பார்த்தால் போதும். நியூயார்க்கில் ஹட்சன் நதிக்கரை ஊரான ஆசினிங்கில் 1891-இல் பிறந்தவர். யாங்கீஸ் அணிக்கு அப்போது ஹைலேண்டர்ஸ் என்று பெயர். 1911-இல் அதில் பிட்சராகச் சேர்ந்தார். மேஜர் லீகில் மொத்தம் 23 ஆட்டம், இரண்டு வெற்றி, நாலு தோல்வி. அவ்வளவுதான். 1998-இல் ஃப்ளோரிடாவில் இறந்தபோது 107 வயது. பழைய மேஜர் லீக் பதிவேட்டின்படி அதிக நாள் வாழ்ந்தவர் அவரே. சேர்ந்த புதிதில் எதிரே நிற்பது யார் என்றே தெரியாமல் டை காபை ஸ்ட்ரைக் அவுட் செய்ததாகவும், மறுநாள் பேப்பரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாகவும் சொல்லிக்கொண்டே இருந்தார். காப் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பேட்டர். ஹாஃப் எந்தப் பருவத்தில் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தார் என்று இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். யாரும் அவரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

சிம்மன்ஸின் அந்த அக்டோபரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்பு, 2006 அக்டோபர் 6 அன்று, பக் ஓநீல் இறந்தார். மொனார்க்ஸ் அணியின் ஃபர்ஸ்ட் பேஸ்மேன், பிறகு மேனேஜர். நீக்ரோ லீக்கை உலகம் மறக்காமல் இருந்ததற்கு ஒரு மனிதரைக் காரணமாகச் சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்ல வேண்டும். பதிவேடு இல்லாத குறையைத் தன் வாயாலேயே அடைத்தவர். ஊர் ஊராகப் போய், யார் யார் எப்படி ஆடினார்கள் என்று கடைசி மூச்சு வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் ஒரு சிறப்புக் குழு நீக்ரோ லீக் காலத்து ஆட்களில் 17 பேரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தது. ஓநீலுக்கு ஒரு ஓட்டு குறைந்துபோனது. தேர்வானவர்களில் எவருமே உயிரோடு இல்லை. ஜூலை மாதக் கடைசியில், ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் மேடையில் ஏறி அவர்களுக்காகப் பேச ஒருவர் வேண்டும். தனக்கு இடம் கிடைக்காத அந்த மேடையில் 94 வயது ஓநீல் ஏறினார். கூட்டத்தைக் கைகோக்க வைத்துப் பாட வைத்தார். அந்த 17 பேரில் ஒருவர் எஃபா மான்லி, எங்கள் பெரியவரின் நியூவார்க் ஈகிள்ஸ் அணிக்குச் சொந்தக்காரி. ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்ற முதல் பெண். ஓநீலை உள்ளே சேர்த்தது 2022-இல், அவர் போய் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு.

இந்தப் பகுதியைப் பெரியவரிடம் சொன்னபோது, "மிசஸ் மான்லியா!" என்று தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். மற்ற எல்லாரையும் முதல் பெயரால்தான் சொல்வார். அந்த அம்மாவுக்கு மட்டும் எண்பது வருஷம் கழித்தும் மிசஸ்.

கியூபாவுக்குப் போவோம். கான்ராடோ மரேரோ 1911 ஏப்ரல் 25 அன்று சாகுவா லா கிராண்டே பக்கம் பிறந்தார். விவசாயக் குடும்பம், பிறந்த பண்ணையின் பெயர் லாபெரின்டோ. ஆகவே ஊரார் அவரை 'லாபெரின்டோ நாட்டுப்புறத்தான்' என்றார்கள். உயரம் ஐந்தடி ஐந்தங்குலம்தான். 1941-இல் ஹவானாவில் நடந்த அமெச்சூர் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் கியூபாவுக்காக எறிந்தார். வெனிசுவேலாவின் டேனியல் கனோனிகோவிடம் தோற்றார். வெனிசுவேலாவில் இன்றும் அந்த வெற்றியைக் கொண்டாடுகிறார்கள். அடுத்த வருஷமே அதே கனோனிகோவைத் தோற்கடித்தார். வாஷிங்டன் செனட்டர்ஸ் அணி அவரைக் கூப்பிட்டது 1950-இல். முதல் ஆட்டத்துக்கு இறங்கியபோது 39 வயது ஆக நாலு நாள் பாக்கி. பெரும்பாலான பிட்சர்கள் கையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் உட்காரும் வயது. இவர் ஐந்து பருவம் ஆடினார். 1951-இல், சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கியெடுக்கும் ஆல்-ஸ்டார் அணிக்கும் தேர்வானார். வேகம் கிடையாது. பேட்டர் எதிர்பார்க்கிற பந்தை மட்டும் எறிய மாட்டார். அதுதான் அவருடைய வித்தை.

பெரிய பேட்டரான டெட் வில்லியம்ஸ் ஒருநாள் அவருடைய பந்தில் இரண்டு ஹோம் ரன் (நம்முடைய சிக்ஸர் மாதிரி) அடித்துவிட்டு, இன்றைக்கு என்னுடைய நாள், மன்னித்துக்கொள் என்றாராம். எல்லா நாளும் உன்னுடைய நாள்தானப்பா என்று மரேரோ சொன்னாராம். தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர் சொல்லிச் சிரித்த கதை இது.

1959 புரட்சிக்குப் பிறகு பல கியூப ஆட்டக்காரர்கள் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார்கள். மரேரோ ஊரில் இருந்தார். இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இரண்டு நாட்டுக்கும் நடுவில் வர்த்தகத் தடை வந்து விழுந்தது. 1999-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஹவானாவில் ஆட வந்தபோது, சம்பிரதாயமான முதல் பந்தை எறிந்தவர் 87 வயது மரேரோ. அவர் ஆடிய காலத்து விதிப்படி மேஜர் லீக் பென்ஷன் அவருக்குக் கிடையாது. 2011-இல், 1947-க்கும் 1979-க்கும் இடையில் ஆடி பென்ஷன் இல்லாமல் நின்றவர்களுக்குக் கொஞ்சம் பணம் தருவதென்று முடிவு செய்தார்கள். தடை காரணமாக மரேரோவின் பங்கு வழியிலேயே நின்றது. நூறு வயதைத் தாண்டிய பிறகுதான் 20,000 டாலர் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குள் பார்வை போய்விட்டது, காதும் மந்தம். ஹவானாவில் பேரன் வீட்டில் இருந்தார். வாயில் சுருட்டு.

2014 ஏப்ரல் 23 அன்று இறந்தார். 103-வது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருந்தது.

சுருட்டைப் பற்றிச் சொன்னதும் கேள்வி வரும். என் வேலையில் தினமும் யாராவது கேட்பார்கள்: நூறு வயது வாழ என்ன சாப்பிட வேண்டும்? குடும்பத்தார் கேட்பார்கள், ஊரிலிருந்து போனில் அம்மாகூடக் கேட்பாள். பேஸ்பால் ஆட்டக்காரர்களை வைத்து இதற்கு ஓரளவு பதில் இருக்கிறது. 1906 முதல் 2006 வரை மேஜர் லீகில் அறிமுகமான பத்தாயிரத்துச் சொச்சம் பேரை ஹார்வர்டு ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அதே வயதுள்ள மற்ற அமெரிக்க ஆண்களைவிட இவர்களின் இறப்பு விகிதம் சுமார் 24 சதவீதம் குறைவு. அதிக வருஷம் ஆடியவர்களுக்கு இன்னும் குறைவு. பேஸ்பால் ஆடினால் ஆயுசு கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. மேஜர் லீக் வரை போகிற உடம்பு முதலிலேயே நல்ல உடம்பு. நோஞ்சான்களை வழியிலேயே கழித்துவிடுகிறார்கள். பின்னாளில் கையில் நாலு காசு இருப்பதும் வைத்தியம் பார்த்துக்கொள்ள உதவும்.

ஆனால் சராசரி வேறு, நூறைத் தாண்டுவது வேறு. நூறைத் தாண்டியவர்களின் பட்டியலைப் பார்த்தால் பெரும் புகழ் பெற்றவர்கள் அதில் மிகக் குறைவு. ஹாஃப் 23 ஆட்டம். டோனி மலினோஸ்கி புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கு 35 ஆட்டம் ஆடி, இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் பல்ஜ் சண்டையிலும் கலந்துகொண்டு, 101 வரை இருந்தார். ஃப்ரெட் காலிகியூரி வெறும் 18 ஆட்டம். ஆனால் அதில் ஒன்று 1941 செப்டம்பர் 28, டெட் வில்லியம்ஸ் அந்தப் பருவத்தை .406 பேட்டிங் சராசரியோடு முடித்த நாள். அன்றைய இரண்டாவது ஆட்டத்தில் வில்லியம்ஸுக்கு எறிந்தவர் இவர். ஜெயித்ததும் இவருடைய அணி. 2018-இல் 100 வயதில் இறக்கும்வரை அந்த ஒரு பிற்பகலைப் பற்றிக் கேட்டுத்தான் ஆட்கள் வந்தார்கள். ஆர்ட் ஷாலக் மரேரோவைப் போலவே ஏப்ரல் 25-இல் பிறந்தவர், 1924-இல். 1951 ஜூலையில் யாங்கீஸ் அணி அவரைக் கூப்பிட்டபோது அவருக்கு இடம் தருவதற்காக, தடுமாறிக்கொண்டிருந்த ஒரு 19 வயதுப் பையனைக் கீழ்நிலை லீகுக்கு அனுப்பினார்கள். பையன் பெயர் மிக்கி மான்டில். மான்டில் அடுத்த மாதமே திரும்பி வந்து யாங்கீஸின் முகமாகவே மாறி, 63 வயதில் போனார். ஷாலக் 58 ஆட்டம் ஆடி, 2025 மார்ச் வரை, 100 வயது வரை இருந்தார். இதிலிருந்து எந்தச் சூத்திரமும் கிடைக்காது. கொஞ்ச காலம் ஆடியவர்களே எப்போதும் அதிகம். அதனால் நூறைத் தொட்டவர்களிலும் அவர்களே அதிகம். நீக்ரோ லீகின் பெரிய பேட்டர் ஜோஷ் கிப்சன் 35 வயதில், ஜாக்கி ராபின்சன் மேஜர் லீகில் நுழைவதற்கு மூன்று மாதம் முன்னால் செத்துப்போனதற்கு அவர் சாப்பிட்ட சாப்பாடா காரணம்?

நீண்ட ஆயுசு ஒரு சுமையும்தான். எடி ராபின்சன் என்று ஒருவர்; 2021-இல் 100 வயதில் டெக்சாஸில் இறந்தார். கிளீவ்லாந்தின் 1948 சாம்பியன் அணியில் கடைசியாக மிஞ்சியிருந்தவர். 1947 ஜூலையில் எங்கள் பெரியவரின் லாரி டோபி அந்த அணியில் சேர்ந்தார். அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின ஆட்டக்காரர். மறுநாள் டோபியை ஃபர்ஸ்ட் பேஸில் நிறுத்த முடிவு செய்தார்கள். அது ராபின்சனின் இடம். அவருடைய கையுறையை டோபிக்காகக் கேட்டார்கள். முதலில் மறுத்தார், பிறகு வேறொருவர் வந்து கேட்டபோது கொடுத்தனுப்பினார். என் இடம் போகிறதே என்ற கோபம்தான், நிறம் காரணமில்லை என்று பின்னாளில் சொன்னார். எழுபது வருஷத்துக்கு மேல் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. பாதி வயதில் போயிருந்தால் இத்தனை முறை கேட்டிருக்க மாட்டார்கள். நான் இதைப் பெரியவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு ராத்திரி யோசித்தேன். கடைசியில் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "கையுறை போய்ச் சேர்ந்ததில்லையா" என்றார். பிறகு, "எவ்வளவு நேரம் கழிச்சு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவர் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். யாராவது இருக்கிறார்களா?

ஈகிள்ஸில் அவர் பேர் சொன்ன பையன்கள் இல்லை. ஆனால் நீக்ரோ லீகில் ஆடிய ஒருவரைக் கண்டுபிடித்தேன். பில் கிரீசன். 1924 செப்டம்பர் 3 அன்று அட்லாண்டாவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் கறுப்பினத்தவரைத் தனியாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்த மான்ட்ஃபோர்டு பாயின்ட் முகாமிலிருந்து மரீன் படைவீரராக, ஜப்பானோடு கடும் சண்டை நடந்த இவோ ஜிமா தீவுக்குப் போனார். சுற்றி இருந்தவர்கள் விழுந்துகொண்டிருந்தபோது, இந்தத் தீவிலிருந்து உயிரோடு அனுப்பு, நீ சொல்கிறதைச் செய்கிறேன் என்று கடவுளிடம் வேண்டிக்கொண்டதாகப் பிறகு சொன்னார். 1948-இல் பர்மிங்ஹாம் பிளாக் பாரன்ஸின் பிட்சர். பின்னால் நின்று பந்து பிடித்தவர்களில், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற வில்லி மேஸும் உண்டு, அப்போது 17 வயது. கடைசி நீக்ரோ லீக் உலகத் தொடர் அந்த வருஷம்தான் நடந்தது. அதில் பாரன்ஸ் ஜெயித்த ஒரே ஆட்டம் கிரீசன் எறிந்தது. 1954-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரை எடுத்தது. அந்த அணியின் முதல் கறுப்பினப் பிட்சர். மூன்றே ஆட்டத்தில் அனுப்பிவிட்டார்கள்.

அவர் உறுப்பினராக இருந்தது பர்மிங்ஹாமின் பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். 1963 செப்டம்பரில் அங்கே குண்டு வைத்து நாலு சிறுமிகளைக் கொன்றார்கள். கிரீசன் போதகரானார். அரை நூற்றாண்டுக்கும் மேல் அதே ஊரில் ஒரே சபையில் பிரசங்கம் செய்தார். இவோ ஜிமாவில் கொடுத்த வாக்கை இத்தனை வருஷம் நிறைவேற்ற ஆயுசு கிடைத்தவர் வேறு யார்?

2024 ஜூன் 20 அன்று, பாரன்ஸின் பழைய வீடான ரிக்வுட் மைதானத்தில் மேஜர் லீக் ஒரு ஆட்டம் நடத்தியது. இரண்டு நாள் முன்புதான் வில்லி மேஸ் இறந்திருந்தார். முதல் பந்தை எறிய 99 வயது கிரீசன் வந்தார். 76 வருஷத்துக்கு முன் எந்த மைதானத்தில் எறிந்தாரோ, அதே மைதானம். அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் தன் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் சேர்த்திருந்தது. ஜோஷ் கிப்சன் ஆடிய எல்லாப் பருவங்களுக்கும் சேர்த்த பேட்டிங் சராசரியான .372 எல்லாக் காலத்துக்கும் முதலிடமாயிற்று. கிப்சன் போய் 77 வருஷம்.

அந்த வீடியோவைப் பெரியவருக்குப் போனில் காட்டினேன். சின்னத் திரை, அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. அடுத்த நாள் வீட்டிலிருந்து டேப்லெட் கொண்டுவந்து காட்டினேன். நாலு முறை பார்த்தார். எறிந்த கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். "நிற்கிறான் பார்" என்றார்.

அந்த வாரத்திலிருந்து எங்கள் படிவத்தின் அந்தக் கட்டத்தை நான் காலியாக விடுவதில்லை. இரவில் சேர்கிறவர்கள் குறைவு; ஆனால் பழைய படிவங்களையும் எடுத்து, தூக்கம் வராமல் கிடப்பவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டு எழுதுகிறேன். பெரியவருடைய கட்டத்தில் 'தபால் ஊழியர், 34 வருஷம்' என்று எழுதினேன். படித்துக் காட்டினேன். அது போதாது என்றார். 'ஈகிள்ஸ், 1946, நேரில் பார்த்தவர்' என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன்.

இப்போது நவம்பர். உலகத் தொடர் முடிந்துவிட்டது. ராத்திரி விளக்கு எரிவதும் குறைந்துவிட்டது. போன திங்கள் எரிந்தது. "பிட்சர்களும் கேட்சர்களும் எப்ப வர்றாங்க?" என்றார். வசந்தகாலப் பயிற்சிக்கு முதலில் வந்து சேர்கிறவர்கள் அவர்கள்தான். பிப்ரவரி நடுவில் வருவார்கள். தேதி இன்னும் வரவில்லை, உத்தேசமாகத்தான் சொல்ல முடியும் என்றேன். நாட்காட்டியை விரலால் எண்ணி 94 நாள் என்றேன். சுவரில் அவருடைய மருந்து நேரம் எழுதும் வெள்ளைப் பலகையைக் காட்டினார். அதன் மூலையில் 94 என்று பெரிதாக எழுதினேன்.

விளக்கை அணைக்கக் கை வைத்தபோது கூப்பிட்டார். மணி என்ன என்றார். பன்னிரண்டு தாண்டி ஐந்து நிமிஷம்.

"அப்ப 93" என்றார்.

அழித்துவிட்டு எழுதினேன்.